மச்சான் மாட்டிவிட வந்த ஷூ

எனக்குக் காலையில் ஒரு ஜோடிக் கால், சாயங்காலம் வேறொரு ஜோடிக் கால். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். காலையில் எழுந்து பார்த்தால் நரம்பும் எலும்பும் தெரிய, ஒல்லியாக, லட்சணமாக, விளம்பரத்தில் வருகிற கால் மாதிரி இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேசாக ஒரு பூரிப்பு வரும். ஷிப்ட் முடிந்து கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது இரண்டும் பாலில் ஊறிய பன் மாதிரி உப்பியிருக்கும். கணுக்கால் எங்கே இருந்தது என்று கேட்டால் உத்தேசமாகத்தான் கைகாட்ட முடியும்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் நீர் கீழே இறங்கிவிடும். நடக்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் தசை அதை மேலே ஏற்றி அனுப்பிவிடுகிறது. என் கெண்டைக்கால், நான் சூளகிரி தாண்டி ஒரு வளைவில் பைக்கோடு விழுந்த அன்றே வேலையை ராஜினாமா செய்துவிட்டது. அன்றிலிருந்து வீல்சேர்தான். ராத்திரி முழுக்கப் படுத்திருந்தால் வீக்கம் வடிந்துவிடும். மறுநாள் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பம்.

இந்தக் கால்களை வைத்துக்கொண்டு நான் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டேன். (ஆசைப்பட்டது நான்தான், கால் இல்லை. ஆனால் பிரச்சினை பண்ணியது கால்தான்.)

ஜெசிந்தா எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தாள். நான் பிளானிங்கில். எனக்கு வேண்டிய சாமானைக் கேட்டு ஸ்டோர்ஸுக்குப் போன் செய்தே காதல் வளர்ந்தது. ஓசூர் சிப்காட்டில் பாதிக் காதல் இப்படித்தான் வளர்கிறது. அவளுக்கும் சரி, ஓசூரில் அம்மாவோடு குடியிருந்த எனக்கும் சரி, சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். இரண்டு வீடும் கத்தோலிக்க வீடு. தடை என்று இருந்தது ஒரே ஒருவர்தான். ஜெசிந்தாவின் அண்ணன் லாரன்ஸ்.

அப்பா இறந்தபிறகு அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் லாரன்ஸ். ஓசூரிலேயே வேறொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஆள் நல்ல உயரம், நல்ல அகலம். அவர் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். தங்கை விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஆயுசுக்கும் அவரைத் தள்ளிக்கிட்டே இருக்கப் போறியா?"

"அவரு சேரை அவரேதான் தள்ளிக்கிறாரு. நீதான் எங்கல்யாணத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கறே" என்றாளாம் ஜெசிந்தா.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே குக்கர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். கடைசியில் ஒருநாள் லாரன்ஸ், "சரி, நிச்சயம் பண்ணிக்கலாம்" என்றார். அதைச் சொன்ன முகத்தில் சம்மதம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்குப் புது ஷூ எடுத்துவந்து, சபையில் தன் கையால் மாட்டிவிட வேண்டும். அண்ணன் குனிந்து ஷூ மாட்டிவிட்டால் பெண்ணை முழுமனதோடு கொடுக்கிறான் என்று அர்த்தம். மாட்டாமல் பெட்டியோடு கையில் கொடுத்துவிட்டால், ஏதோ ஊருக்காகக் கொடுக்கிறான் என்று அர்த்தம். அவர்களுடைய சின்னத் தாத்தா ஒருவர் பெட்டியோடு கொடுத்துவிட்டதால் இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒரே கோயிலில் வேறு வேறு வரிசையில் உட்காருகின்றன.

லாரன்ஸ் மாட்டிவிடுவாரா, பெட்டியோடு கொடுப்பாரா? எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அந்த ஒரு மாதமும் இதே பேச்சுதான். சனிக்கிழமை சாயங்காலம் நிச்சயம். நல்லபடியாக முடிந்தால் மறுநாள் ஞாயிறு பூசையில் எங்கள் பேரைச் சொல்லிக் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பார்கள்.

நிச்சயத்துக்கு முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் அப்போதுதான் படுக்கையிலிருந்து சேருக்கு மாறியிருந்தேன். வாசலில் வெளிச்சம் குறைந்தது. லாரன்ஸ். கையில் பழைய செய்தித்தாளும் பென்சிலும்.

"கால் அளவு எடுக்கணும்" என்றார். வணக்கம், சௌக்கியம் எதுவும் இல்லை.

செய்தித்தாளைத் தரையில் விரித்து, என் பாதத்தைத் தூக்கி அதன்மேல் வைத்து, சுற்றி வரைந்தார். வரைந்ததைச் சரிபார்க்க டேப் வைத்து அளந்தார். மெயின்டனன்ஸ்காரர் அல்லவா, வெர்னியர் கொண்டுவராததுதான் பாக்கி. "எட்டு கரெக்டா இருக்கும். நல்ல கால்தான்" என்றார்.

அவர் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. அந்த நேரத்தில் போய், "இது காலைக் கால்ங்க, சாயங்காலக் கால் வேற, அதையும் ஒருதரம் வந்து பாத்துட்டுப் போங்க" என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்? ஒரு தங்கையைக் கொடுக்கவே இத்தனை மாதம் யோசித்தவர், நாலு கால் என்று தெரிந்தால் என்ன ஆவார்? சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினேன். சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, "ஏன்டா, வீக்கத்தப் பத்தி சொல்லலியா?" என்றாள். "அன்னைக்கு மட்டும் காலைத் தூக்கி வெச்சுப் படுத்துக்கறேம்மா" என்றேன். திட்டம் நல்ல திட்டம்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை கம்பெனியில் அவசர டெஸ்பாட்ச். (எனக்கு முக்கியமான நாள் எது என்று அந்தக் கம்பெனி எப்படியோ மோப்பம் பிடித்துவிடும்.) மத்தியானம் வரை உட்கார்ந்தே வேலை. பிறகு காரில் கிருஷ்ணகிரி. மேம்பால வேலை நடக்கிற இடத்தில் லாரிகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றோம். கோயில் ஹாலில் இறங்கியபோது என் கால்கள் இரண்டும் ஏற்கெனவே சாயங்காலத்துக்கு வந்துவிட்டன. புது கோட், புது சூட், டை. முழங்காலுக்குக் கீழே பார்க்காதவரை நான் மாப்பிள்ளைதான்.

ஹால் நிறைய ஜனம். சேலை, மாலை, பழத்தட்டு, வெற்றிலைத்தட்டு என்று முன்னால் ஜமுக்காளத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஜெசிந்தா பக்கத்து அறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியார் இன்னும் வரவில்லை. "சாமி வர்றதுக்குள்ள ஷூவ மாட்டிரலாம்" என்றார் சூசை சித்தப்பா. பெண்ணின் அப்பாவுடைய தம்பி. எந்த விசேஷத்திலும் குறை கண்டுபிடிக்கிற பொறுப்பு அவருடையது.

லாரன்ஸ் பெட்டியோடு வந்தார். என் முன்னால் நின்றார். பெட்டியை நீட்டப்போகிறாரா என்று அவர் கையையே பார்த்தேன். அவர் பேன்ட்டை லேசாக மேலே இழுத்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். பழுப்பு நிறத்தில், பளபளவென்று, கயிறு வைத்த தோல் ஷூ. நல்ல ஷூ. தேடித் தேடி எடுத்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நொடியே அந்த ஷூ எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்பதும் கண்ணில் பட்டது.

முதலில் இடது கால். விரல்கள் உள்ளே போயின. அதற்குமேல் போகவில்லை. லாரன்ஸ் கயிற்றைத் தளர்த்தினார். போகவில்லை. கயிற்றையே உருவினார். போகவில்லை.

"சாக்ஸ் கொஞ்சம் தடிப்பா இருக்குதோ?" என்றார் மெல்ல.

"ஆமாங்க, கொஞ்சம் தடிப்புதான்" என்றேன். (சாக்ஸ் காகிதம் மாதிரி இருந்தது.)

சுற்றி நின்றவர்களுக்கு வேலை வந்துவிட்டது. ஒருவர் பவுடர் டப்பா கொண்டுவந்து கொட்டினார். ஒருவர் சமையல்காரரிடமிருந்து நீளமான கரண்டி வாங்கிவந்து குதிகாலுக்குப் பின்னால் நெம்பக் கொடுத்தார். லாரன்ஸின் வீட்டு ஓனர், அத்திப்பள்ளியிலிருந்து வந்திருந்த பெரியவர், "ஸ்வல்ப திருகிஸி ஹாக்ரீ" என்று கன்னடத்தில் சொல்லி, கொஞ்சம் திருகி மாட்டும்படி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். யாரோ பாலிதீன் பையைப் பாதத்தில் மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினார்கள். என் காலுக்கு எந்த உணர்ச்சியும் கிடையாது. ஆகையால், பக்கத்து வீட்டு மராமத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரன்ஸுக்கு வியர்த்துவிட்டது. பெட்டியோடு கொடுத்துவிட்டு எழுந்துபோயிருக்கலாம். எழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஷூவின் அடியில் உள்ளங்கையை வைத்து, ஒரே அழுத்தாக மேல்நோக்கி அழுத்தினார்.

என் கால் அவரை உதைத்தது.

சாதாரண உதை இல்லை. முழங்கால் விறைத்து, நேராக நீண்டு, நடு நெஞ்சில். அவ்வளவு பெரிய மனிதர் பின்பக்கமாகச் சாய்ந்து பழத்தட்டின்மேல் உட்கார்ந்தார். ஆரஞ்சுகள் ஹாலின் நான்கு திசையிலும் உருண்டன. பாதி மாட்டியிருந்த ஷூ கழன்று பறந்து, நிச்சயச் சேலைமேல் போய் அழகாக உட்கார்ந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். என்னைப் போல முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் கால், நாம் சொன்னால் கேட்காது. ஆனால் யாராவது சட்டென்று அழுத்தினால் தானாகவே விறைத்து வெட்டி இழுக்கும். டாக்டர்கள் இதை ஸ்பாசம் என்பார்கள். உணர்ச்சி இல்லாத காலுக்கும் ரோஷம் உண்டு என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன். அந்த ஹாலில் இதெல்லாம் தெரிந்தவர்கள் நானும் அம்மாவும் ஜெசிந்தாவும்தான்.

ஹால் மூன்று கட்சியாகப் பிரிந்தது.

முதல் கட்சிக்குத் தலைவி காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஆரோக்கியம் அத்தை. இரண்டு கையையும் மேலே தூக்கி, "மாதாவே! காலு வந்துருச்சு! புள்ளைக்குக் காலு வந்துருச்சு!" என்று கத்தி, இருந்த இடத்திலேயே மண்டியிட்டுவிட்டார். பின்னால் இருந்த பெண்கள் பாட்டே ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது கட்சி சூசை சித்தப்பா. "நடக்க முடியாதுன்னுதானே சொன்னாங்க? இந்த உதை உதைக்கிறாரு! என்ன சொல்லி ஏமாத்தியிருக்காங்க நம்மள?"

மூன்றாவது கட்சிக்கு நான் நடப்பேனா மாட்டேனா என்பதில் அக்கறையில்லை. "அன்னிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னாருல்ல, அதுக்கோசரம் சபையில வெச்சு உதைச்சுட்டாரு" என்று அவர்கள் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது.

நான் உடனே விளக்கம் சொன்னேன். என் வாழ்க்கையில் சொன்ன விளக்கங்களிலேயே ஆக மோசமானது அதுதான்.

"நான் உதைக்கலீங்க! கால்தாங்க உதைச்சுது!"

ஆரோக்கியம் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "அவநம்பிக்கை வேணாம் கண்ணு. எந்திரிச்சு நில்லுப்பா" என்றார். அவர் சொன்னதும் இரண்டு பேர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. கீழே விழுந்து அடிபடுவேன் என்ற பயம் பாதி. விழுந்த பிறகு, அற்புதத்தைக் கெடுத்தவன் என்றும் பேர் வந்துவிடுமே என்ற பயம் பாதி. அதற்கும் மேலே, இந்தக் கல்யாணம் நின்றது என்று நான் தீர்மானமே செய்துவிட்டேன். ஜெசிந்தா இல்லாத வாழ்க்கையை அந்த அந்தரத்தில் தொங்கிக்கொண்டு யோசித்துப் பார்த்தேன்.

"அவர உடுங்க!"

அறைக்கதவைத் திறந்துகொண்டு ஜெசிந்தா நின்றாள். பாதிப் பின்னல், ஒரு காதில் மட்டும் கம்மல். நேரே வந்தாள். "உக்கார வைங்க அவர" என்றாள். வைத்தார்கள். என் முன்னால் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி, "எல்லாரும் பாருங்க. சித்தப்பா, நீங்க கிட்ட வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டு (அவளுக்குத் தெரியும்) உள்ளங்காலைச் சட்டென்று மேலே தள்ளினாள். கால் வெட்டி நீண்டது. சூசை சித்தப்பா பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்ந்து பின்வாங்கினார். பிறகு அந்தக் கால் தையல் மெஷின் மாதிரி டடடடவென்று கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது.

"இது நரம்பு பண்ற வேலை. அவரு பண்றதில்ல. அற்புதமும் இல்ல, ஏமாத்தும் இல்ல. கம்முனு உக்காருங்க எல்லாரும்" என்றாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். லாரன்ஸ் மட்டும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், ஆரஞ்சுகளுக்கு நடுவில். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸைக் கழற்றினார். உப்பின பாதத்தின் குறுக்கே ஷூவின் விளிம்பு பதிந்து சிவப்பாகக் கோடு கிடந்தது. குதிகாலில், கரண்டி நெம்பிய இடத்தில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கோட்டின்மேல் மெதுவாக விரலை வைத்தார்.

"வலிக்குதா?"

"எனக்குத் தெரியாது மச்சான். உங்களுக்கு?"

மச்சான் என்ற வார்த்தை தானாக வந்துவிட்டது. அதுவரை அவரை "நீங்க", "அவங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"நல்லாத்தான் வலிக்குது" என்றார். "அன்னிக்கு அளவெடுத்தப்ப இப்படி இல்லியே. சாயங்காலமானா வீங்கும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நல்ல கால்னு சொன்னீங்க. அதான்..." என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். உதடு துடித்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை, சிரிப்பு. முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பழத்தட்டின்மேல் உட்கார்ந்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாதக்கணக்கில் பேசாத அண்ணன் சிரிப்பதைப் பார்த்து ஜெசிந்தா அழுதாள். என் அம்மா ஏன் அழுதாள் என்று தெரியவில்லை. பொதுவாக அழுதாள்.

பிறகு லாரன்ஸ் தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றினார். பின்பக்கம் திறந்த, ஒட்டுப் பட்டை வைத்த, அகலமான பழைய செருப்பு. பட்டையை முழுவதும் பிரித்துவிட்டு, "இப்ப அழுத்த மாட்டேன் மாப்ள, பயப்படாதீங்க" என்று சொல்லி, பச்சைக் குழந்தையின் காலைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, இரண்டு காலிலும் மாட்டிவிட்டார். பட்டையைத் தளர்வாக ஒட்டினார். அளவெடுத்துச் செய்தது மாதிரி இருந்தது.

"புது ஷூதான் மாட்டணும், இது பழசாச்சே" என்றார் சூசை சித்தப்பா.

"உதை வாங்கினவன் நானு. எத மாட்டணும்னு நாந்தான் சொல்லணும்" என்றார் லாரன்ஸ். அத்தோடு சபை அடங்கியது.

சரியாக அப்போதுதான் சாமியார் உள்ளே வந்தார். வாசலிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போல, வேகவேகமாக வந்து, "இங்க ஏதோ அற்புதம் நடந்துச்சாமே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சாமி, உதைதான்" என்றார் லாரன்ஸ்.

நிச்சயதார்த்த ஆல்பத்தில் இன்றும் பார்க்கலாம். மாப்பிள்ளை கோட்டு சூட்டில், காலில் தேய்ந்த செருப்போடு. பக்கத்தில் பெண்ணின் அண்ணன் வெறுங்காலோடு, சட்டையில் ஆரஞ்சுக் கறையோடு. மறுநாள் பூசையில் எங்கள் ஓலையை வாசித்தபோது பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

குதிகால் புண் ஆறக் கல்யாணம் வரை ஆனது. உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. சின்னப் புண்தானே என்று விட்டு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்தவர்களை எனக்குத் தெரியும். அதிலிருந்து பெருமையை விட்டுவிட்டேன். மத்தியானம் கம்பெனியில் ஒரு ஸ்டூல் போட்டுக் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், யார் பார்த்தாலும் சரி. ராத்திரி படுக்கும்முன் ஜெசிந்தா உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். செருப்பு வாங்குவதென்றால் வீக்கம் முழுவதும் ஏறிய பிறகு, சாயங்காலம்தான் கடைக்குப் போவது. வாங்கித் தருவது மச்சான். அந்த உரிமையை அவர் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. குடும்ப விசேஷங்களில் அவருக்கு "உதை வாங்கிப் பொண்ணு குடுத்தவரு" என்றே பேர் நின்றுவிட்டது. ஆரோக்கியம் அத்தை மட்டும் அது அற்புதம்தான் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் தப்பில்லை.

போன மாதம் பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். விற்பனைக்காரர், எங்கள் வயசு இருக்கும், என்னைத் தாண்டி என் தலைக்குமேல் மச்சானைப் பார்த்தே பேசினார்.

"அவருக்கு என்ன சைஸ் சார்? நடக்கறதில்லைல்ல, சும்மா போட்டுக்கத்தானே, ஏதாச்சும் விலை கம்மியா எடுத்துக் காட்டட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஆகியும் இது மட்டும் பழகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் அவர் தோளில் கைவைத்து, ரகசியம் சொல்கிற மாதிரி குனிந்தார்.

"அவருகிட்டயே கேளுங்க அண்ணே. கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க. உதைப்பாரு."

விற்பனைக்காரர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை. இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டு, கடைக்குள் வந்ததிலிருந்து முதல்முறையாக என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"உங்களுக்கு எந்த மாதிரி வேணும் சார்?"